லீவு சொல்லி எழுதிய கடிதம்

"கூண்டில் ஏறுகிறாயா?" என்று வக்கீல் ஐயா என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். சில நாள், சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

தூத்துக்குடியில் ஒரு வக்கீல் ஆபீசில் பத்து வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். போன மாதம் நின்றுவிட்டேன். முப்பது வயதில் ஓய்வு பெற்றேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது. இனி அந்த நாற்காலிக்குத் திரும்பப் போவதில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் கனகா, நான் பீரோ சாவியை ஒப்படைத்த அன்று கேட்டாள்: "எக்கா, இத்தன வருசத்துல ஒங்களால மறக்க முடியாத கேஸ் எது?" நான் அவளுக்குக் கடல் கேஸைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளிடம் சொல்லாத கேஸைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். முதல் இரண்டு மாதம் கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து, ஐந்து பிரதிக்குப் பதில் ஒரு பிரதியும், அதன் முதுகில் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கத்தக்க இன்னொன்றும் எடுத்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தா சுடலைமுத்து அண்ணாச்சி, "நீ டைப் அடிச்சா ஜட்ஜுக்கு ஒரு கண்ணாடியும் சேத்து தாக்கல் பண்ணணும் தாயி" என்பார். வக்கீல் ஐயா திட்டமாட்டார். பிழையுள்ள தாளை மேஜையின் ஓரத்தில் என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, பேனா மூடியை மூடுவார். அந்த 'டிக்' சத்தம் கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும்.

அவர் எனக்கு வற்புறுத்திக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எந்தத் தாளிலும் தேதியை எழுதியவுடன், அடியில் அடிக்கோல் வைத்து இரண்டு கோடு போட வேண்டும். "மனுவுல மத்ததெல்லாம் நாம சொல்லுதது. தேதி ஒண்ணுதான் நடந்தது. அதுல கண்ணு நிக்கணும்" என்றார். ஆறு மாதத்தில் அது என் கைக்குப் பழகிவிட்டது. வீட்டில் பலசரக்குப் பட்டியல் எழுதினாலும் தேதிக்கு இரண்டு கோடு. என் வீட்டுக்காரர், "கத்தரிக்காய்க்கும் கேஸ் போடப் போறியா?" என்று கேலி செய்வார்.

கட்சிக்காரர் வந்தால் ஐயா கதையை முதலில் கேட்கமாட்டார். எங்கே நடந்தது, எப்போது நடந்தது, தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்பது தெரிந்த பிறகுதான் அழ விடுவார். "கோர்ட்டு மாறிப் போச்சுன்னா நியாயம் நம்ம பக்கம் இருந்தாலும் வாசல்லயே நிக்கும்" என்பது அவர் வாக்கு.

கடல் கேஸ் அப்படித்தான். கீழவைப்பார் படகும் வேம்பார் படகும் கடலில் உரசி, ஒருவர் வலையை ஒருவர் அறுத்துவிட்டார்கள். வலை அறுந்த இடம் எந்த முன்சீப் கோர்ட்டின் எல்லை என்று கேள்வி வந்தது. "கரையிலிருந்து எந்தப் பக்கம்யா?" என்று அண்ணாச்சி கேட்க, படகுக்காரர் எரிச்சலோடு, "எல்லைக் கல்லு நட்டு வச்சிருந்தா அதுலயே படகக் கட்டியிருப்பம்லா அண்ணாச்சி!" என்றார். மனு ஒரு கோர்ட்டிலிருந்து திரும்பி, இன்னொன்றிலிருந்தும் திரும்பி, கடைசியில் இரண்டு வீட்டாரும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். அதில் சிரிக்க முடிந்தது. வலைக்குத் தான் அறுந்த இடம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை; ஒரு பிள்ளைக்கு அப்படி இல்லை.

ஜெசிந்தா எங்கள் வளவுக்கு வந்தது ஓர் ஆடி மாதம், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். அந்த வளவில் அவள் அண்ணன் குடும்பம் ஒரு வீட்டிலும், நாங்கள் அடுத்த வீட்டிலும் குடியிருந்தோம்; நடுவே ஒரே சுவர். ஜெசிந்தாவைக் கொச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கஸ்பார், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் வேலை. பூர்வீகம் பெரியதாழை, ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். மகள் எமில்டாவுக்கு ஏழு வயது. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள்.

"திருவிழாவுக்கு வந்தியாளா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெசிந்தா "ஆமா" என்றாள். எங்கள் பக்கத்தில் புருஷனை விட்டு வந்தவள் வேறு எப்படிச் சொல்லுவாள்? பத்து நாள் திருவிழா, பத்து நாளைக்கு மானத்தை மூடிவைக்கும் துணி. ஊரில் பாதிப் பெண்கள் அந்தத் துணியை எப்போதாவது போர்த்தியிருப்பார்கள்.

மூன்றாம் நாள், என் மகனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது துணைக்கு வந்தாள். வரிசையில் நிற்கும்போது சொன்னாள்: "அவரு டியூட்டிக்குப் போனா ரெண்டு நாள், மூணு நாள் ஆவும்க்கா. போம்போது வெளிய பூட்டிட்டுச் சாவியக் கொண்டு போயிருவாரு. கதவத் தொறக்க யாருகிட்டயும் சாவி கெடையாது. பக்கத்து வீட்டுச் சேச்சி ஜன்னல் வழியாச் சோறு தருவாவ."

"அடிப்பாரா?"

"இல்லக்கா. அடிச்சா நான் அண்ணன்கிட்டச் சொல்லியிருப்பேனே. பாப்பா மேல உயிரையே வச்சிருக்காரு. தீப்பிடிச்சா என்ன செய்வோம்னு பாப்பா ஒருநாள் கேட்டா. அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன்."

மறுநாள் தந்தி வந்தது: உடனே புறப்படு. அண்ணனுக்குத் தெரிந்தால் திருவிழாவோடு திருவிழாவாக அடிதடியாகும் என்று பயந்து, தாளும் பேனாவுமாக என்னிடம் வந்தாள். "ஒங்க எழுத்து நல்லாருக்கும். ஒரு பதில் போட்டுக் குடுங்கக்கா."

படித்தவள் அல்லவா நான்? யோசனை சொன்னேன். "சண்டையா எழுதாத. திருவிழாவுக்கு வந்திருக்கோம், முடிஞ்சதும் வாரோம்னு போடு. பத்து நாள் அவகாசம் கெடைக்கும். அதுக்குள்ள அண்ணன்கிட்டப் பக்குவமாச் சொல்லு, ஸ்கூல்ல இடம் பாரு" என்றேன். எழுதினேன். எழுதி முடித்து, அவள் கையெழுத்துப் போடும் முன், அவள் சொல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: "எமில்டாவின் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி வைக்கவும்."

ஏன் சேர்த்தேன்? ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். நான் படித்த காலத்தில் ஒரு நாள் கூட லீவு லெட்டர் இல்லாமல் நின்றதில்லை.

கஸ்பார் அந்த வரியை அப்படியே நிறைவேற்றினார். திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, வளவு வாசலில் நின்று, "பாப்பாவுக்குப் பதினஞ்சு நாள் லீவு எழுதிக் குடுத்தேன். தீர்ந்துபோச்சு. பொறப்படு" என்றார். சத்தம் போடவில்லை. ஜெசிந்தா கதவுக்குப் பின்னால் நின்று, வரவில்லை என்றாள். அண்ணன் அரிவாளைத் தேடினான். கஸ்பார் பிஸ்கட் டின்னைப் படியில் வைத்துவிட்டு, "பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து பிள்ளையக் கொண்டு போவேன்" என்று போனார்.

மறுநாள் காலை நான்தான் ஜெசிந்தாவை ஐயாவிடம் கூட்டிப் போனேன்.

பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கை, அந்தப் பிள்ளை சாதாரணமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊருக்குரிய ஜில்லா கோர்ட்டில்தான் போட வேண்டும். தாய் எங்கே, தகப்பன் எங்கே என்பது கணக்கில்லை. எமில்டா தூத்துக்குடிப் பிள்ளை என்றால் திருநெல்வேலி. கொச்சிப் பிள்ளை என்றால் எர்ணாகுளம். ஐயா பேனா மூடியைத் திறந்து கேட்டார்.

"பிள்ளை நேத்து எங்க படுத்துச்சு?"

"எம்பக்கத்துலய்யா."

"பாடப் புஸ்தகம் எந்த ஊர்ல இருக்கு?"

"கொச்சியில."

"இங்க ஸ்கூல்ல சேத்தாச்சா?"

"கன்னியாஸ்திரீ மடத்து ஸ்கூல்ல ஒக்காரச் சொல்லியிருக்காவ. டி.சி. வந்தாத்தான் பேரு எழுதுவாவளாம்."

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "வந்த பிறகு மாப்பிள்ளைக்குக் கடுதாசி எதுவும் போட்டியாம்மா?" என்றார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். "சுகமா இருக்கோம்னு ஒண்ணு போட்டேன்யா" என்றாள். அவர் குறித்துக்கொண்டார்.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்து எழுதிய கடிதம், அவகாசம் கேட்டு எழுதிய கடிதம் என்று நாமே மனுவில் முதலில் சொல்லியிருந்தால் அதன் விஷம் பாதி இறங்கியிருக்கும். ஐயா பல வழக்குகளில் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆபீசில் டைப்பிஸ்ட் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக்கூடாது என்பது சட்டம். சொல்லியிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'மனுதாரரும் மைனரும் தூத்துக்குடியில் நிரந்தரமாக வசிக்கும் எண்ணத்துடன் வந்தார்கள்' என்ற வாக்கியத்தை ஐந்து பிரதி அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை.

விசாரணை முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்கலாம் என்று திருநெல்வேலியில் இடைக்கால உத்தரவு கிடைத்தது. நான்கு மாதம் எமில்டா எங்கள் வளவில் பாண்டி ஆடினாள். என் மகன் அவள் விரலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினான்.

மார்கழியில், கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதை மட்டும் முதலில் விசாரித்தார்கள். பெண் கட்சிக்காரர் என்பதால் ஐயா என்னையும் துணைக்கு வரச் சொன்னார். ஜெசிந்தா கூண்டில் நின்றாள். கஸ்பாரின் வக்கீல் கொச்சிப் பள்ளிக்கூடத்தின் லீவுத் தாளைக் காட்டினார். அப்புறம் ஓர் உறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, முதலில் எங்கள் ஐயாவிடம் பார்வைக்குக் கொடுத்தார்.

ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். படிக்கவில்லை. மேல் மூலையில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில், அடிக்கோல் வைத்துப் போட்ட இரண்டு கோடு. கட்டைவிரலால் அதை ஒரு முறை தடவினார். பின் வரிசையில் இருந்த என் பக்கம் திரும்பவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கடிதம் யார் எழுதியது?" என்று அந்த வக்கீல் ஜெசிந்தாவைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மடியில் என் பையன் இருந்தான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தூக்கிப் போயிருந்தேன்.

"நாந்தான் எழுதினேன்."

"லீவு சொல்லச் சொன்னது?"

"நாந்தான்."

சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை.

பஸ் நிலையத்தில் ஜெசிந்தா பிள்ளைக்கு முறுக்கு வாங்கப் போயிருந்தபோது ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார். "தேதிக்கு ரெண்டு கோடு போடச் சொன்னது நாந்தான கனி" என்றார். நான் அழுதேன். அவர் அழுகை முடியக் காத்திருந்தார், கட்சிக்காரர்களுக்குக் காத்திருப்பது போல.

"ஒரு வழி இருக்கு. நீ கூண்டில ஏறி, பயத்துல அவகாசம் கேட்டு எழுதினது, லீவு வரி நாஞ் சேத்தது, அவ திரும்பிப் போற எண்ணத்துல வரலேன்னு சொல்லணும். அவ இன்னிக்குச் சொன்னதையும் திருத்திச் சொல்ல ஜட்ஜுகிட்ட நான் கேட்டுப் பாப்பேன். நம்ம ஆபீஸ் ஆளு சாட்சியானா நான் வக்காலத்த வேற ஒருத்தர்கிட்டக் குடுத்துருதேன். உன்னக் குறுக்கு விசாரணையில கிழிப்பாங்க, தெரிஞ்சுக்கோ. கூண்டில ஏறுதியா? திங்கட்கிழமை சொல்லு."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. உப்புக் கம்பெனியில் எழுத்தர், பயந்த சுபாவம். "பொய்க் கடுதாசி எழுதிக் குடுத்தேன்னு கோர்ட்ல போயி நீயே சொல்லுவியா? நாளைக்கு நம்ம பிள்ளைய எவனாவது 'ஒங்கம்மா'ன்னு பேசமாட்டானா?" என்றார். பையனுக்குக் காய்ச்சல் வேறு. இரண்டு நாளும் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை போனேன். ஐயா நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். நான் மிஷின் உறையைக் கழற்றி மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். அவர் பேனாவை மூடினார். டிக். அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஜெசிந்தாவிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

தையில் உத்தரவு வந்தது. பிள்ளை விடுமுறையில் வந்ததாகவே தாயின் கடிதம் காட்டுகிறது. சாதாரணமாக வசிக்குமிடம் கொச்சி. உரிய கோர்ட்டில் தாக்கல் செய்ய மனு திருப்பித் தரப்படுகிறது. திருப்பித் தரப்படுவது என்றால் நிஜமாகவே கையில் தருவார்கள். முதுகில் முத்திரையும் காரணமும் எழுதி, நான் அடித்த அதே தாள்களை, நான் கட்டிய அதே நாடாவோடு. அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லாததால் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தேதி எழுதினேன். கோடு போடவில்லை.

மனுவோடு இடைக்கால உத்தரவும் போயிற்று. கோர்ட் வராந்தாவில் கஸ்பார் நின்றார். "நான் தடுக்க முடியாதும்மா" என்று ஐயா ஜெசிந்தாவிடம் மெதுவாகச் சொன்னார். அவள் பிள்ளையின் தலைப்பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. எமில்டா அப்பாவின் கையைச் சந்தோஷமாகவே பிடித்தாள். போகும்போது என்னிடம் திரும்பி, "லீவு தீர்ந்நோ ஆன்ட்டி?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா கொச்சிக்கே போய்விட்டாள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை, மடத்து விடுதியில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் மகளைப் பார்க்கலாம். எர்ணாகுளத்தில் போட்ட வழக்கு மூன்று வருடமாக வாய்தாவில் கிடந்து, இப்போதுதான் விசாரணைக்கு வருகிறது. போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. புருஷன் பக்கம் அந்தப் பழைய கடிதத்தையே மறுபடி காட்டுகிறார்களாம். திரும்பி வருவேன் என்று எழுதி ஏமாற்றியவள், இவளை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்களாம். 'நான் என்ன சொல்ல அக்கா, எழுதியது எழுதியதுதானே. சின்னதுக்குப் பல் முளைத்துவிட்டதா? பாப்பா இப்போது மலையாளத்தில்தான் ஜெபம் சொல்லுகிறாள்' என்று முடித்திருந்தாள். வா என்று ஒரு வார்த்தை இல்லை.

எர்ணாகுளம் போய்ச் சாட்சி சொல்லட்டுமா என்று போன வாரம் ஐயாவிடம் போய்க் கேட்டேன். வயதாகிவிட்டது அவருக்கு. "அன்னிக்கு எங்கிட்ட வக்காலத்து இருந்துச்சு, கேட்டேன். இன்னிக்கு அது எல்லை தாண்டிப் போச்சு கனி. நான் சொல்லக்கூடாது" என்றார். காப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

படிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். நான் எர்ணாகுளம் போய்க் கூண்டில் ஏறினால், ஏமாற்றியவள் என்ற பழி அவள்மேலிருந்து கொஞ்சம் இறங்கலாம். ஆனால் திருநெல்வேலியில் அவள் சத்தியம் செய்து சொன்னது பொய் என்று நானே நிரூபித்ததாகும். அந்தப் பொய்யை அவள் எனக்காகச் சொன்னாள். போகாவிட்டால், அந்த வரி அவள் எழுதியதாகவே கடைசிவரை இருக்கும். பத்து வயதுப் பிள்ளை, அவள் அம்மா சும்மா லீவுக்குத்தான் கூட்டிப் போனாள் என்றே நினைத்து வளரும். அங்கேயே வேர் விட்டுவிட்ட பிள்ளையை இன்னொரு முறை பிடுங்க நான் காரணமாவேனா என்றும் பயமாக இருக்கிறது. முன்பு ஒரு முறை நல்லது என்று நினைத்துத்தான் ஒரு வரி சேர்த்தேன். இப்போது நல்லது என்று நினைப்பதும் அந்த மாதிரி ஒரு வரிதானோ என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீ யோசிச்சுக்கோ" என்கிறார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தாயாக இருப்பவர்கள், கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள், யாரானாலும் எழுதுங்கள். போகட்டுமா, வேண்டாமா? ஈஸ்டர் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை வழக்கு. அதற்குமுன் கிடைக்கும்படி எழுதுங்கள். தேதி மட்டும் போடுங்கள். அடியில் கோடு வேண்டாம்.